விளக்கு வெளிச்சத்தை வைத்துக் குழந்தையின் இழுப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். உங்கள் மகளுக்கு ஏழு வயது, ஆஸ்துமா இருக்கிறது, வாரத்தில் மூன்று நான்கு நாள் இழுப்பு வருகிறது. எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் கொண்டே ஒருவர் கட்டடத்துக்குள் எங்கே நிற்கிறார் என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும் முறை ஒன்று இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் என்பதால் அதை வீட்டிலேயே அமைத்து, மகளின் சட்டையில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, எந்த மூலையில் இருக்கும்போது இழுப்பு தொடங்குகிறது என்று வரைபடம் போட்டு, அதிலிருந்து எது அலர்ஜி என்று பிடித்துவிடலாமா என்கிறீர்கள். விளக்கு அப்படி மினுக்குவது கண்ணுக்குக் கெடுதலா என்பது கூடுதல் கேள்வி.

இதில் வெளிச்சம் பற்றிய பகுதி சுலபமானது. அதன் அடியில் இருக்கும் கேள்விதான் கனமானது: இருக்கும் இடம் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடுமா? பெரும்பாலும் தெரியாது. அதிலும் இந்த ஒளி முறை, நீங்கள் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் குருடாகிவிடும். ஏன் என்று விளக்குகிறேன். நான் பல வருடம் உள்ளரங்க இடமறியும் கருவிகளில் வேலை செய்தவன். பிறகு மனிதர்கள் சுவாசிக்கும் காற்றை அளக்கும் ஆய்வுக் குழுக்களுக்குக் கருவி செய்து கொடுத்தேன். மருத்துவன் அல்ல. அதனால் மருந்து பற்றி ஒரே ஒரு இடத்தில் மட்டும், அதுவும் பொதுவாக எல்லா வழிகாட்டிகளும் சொல்வதை மட்டும் சொல்வேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. எல்இடியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அணைத்து எரிய வைக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒரு அலைவெண்ணிலோ குறியீட்டிலோ மினுக்கினால், அதைப் பெறும் போட்டோடையோடு (ஒளியை மின்சிக்னலாக மாற்றும் சின்ன சென்சார்) 'இது மூன்றாம் விளக்கு' என்று அடையாளம் கண்டுகொள்ளும். ஒளி தூரத்தோடு குறையும் என்பதால், மூன்று விளக்குகளிலிருந்து வரும் ஒளியின் அளவைக் கொண்டு இடத்தைக் கணக்கிடலாம். போன் கேமராவாலும் முடியும். அதன் சென்சார் படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால், விளக்கின் மினுக்கல் படத்தில் கருப்பு வெள்ளைப் பட்டைகளாக விழும். அந்தப் பட்டைகளைப் படித்தால் விளக்கின் எண் கிடைத்துவிடும். பிரான்ஸின் லீல் நகரில் இருக்கும் கார்ஃபூர் பேரங்காடியில் 2015-இலேயே இதை நிறுவினார்கள். வாடிக்கையாளரின் போன் கூரை விளக்கைப் பார்த்து, அவர் தேடும் பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது என்று வழிகாட்டும். ஆய்வகத்தில் சில சென்டிமீட்டர் துல்லியம் சாதாரணமாகக் கிடைக்கிறது. வைஃபை சிக்னலின் பலத்தை வைத்துக் கணக்கிடும்போது சில மீட்டர் பிசகுவது வழக்கம். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். இன்னொரு நல்ல குணம், ஒளி சுவரைத் தாண்டாது. அறை மாறியதா இல்லையா என்பதில் குழப்பமே வராது. கருவிதான் விளக்கைப் பார்க்கிறது, விளக்கு கருவியைப் பார்ப்பதில்லை. அதனால் இடம் பற்றிய தகவல் குழந்தையின் கருவியை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அந்தச் சென்டிமீட்டர் துல்லியம் எந்த நிபந்தனைகளில் வந்தது என்று ஆய்வுக் கட்டுரைகளின் சோதனைப் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கருவி ஒரு மேசை மேலோ தள்ளுவண்டி மேலோ இருக்கும். தரையிலிருந்து உயரம் மாறாது, முகம் நேராகக் கூரையைப் பார்த்திருக்கும். ஏழு வயதுக் குழந்தை அப்படியா இருக்கும்? குனியும், உருளும், தரையில் படுத்து வரையும், கட்டில் மேல் ஏறிக் குதிக்கும். 45 டிகிரி சாய்வில் விழுந்துகொண்டிருக்கும் ஒளி, கருவி இன்னும் 10 டிகிரி திரும்பினாலே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கணக்கோ, விளக்கு தள்ளிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளும். தலைமுடி மறைக்கும், போர்வை மறைக்கும், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரின் தோள் மறைக்கும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் போட்டோடையோடு நிறைவுநிலைக்குப் போய் (அதற்கு மேல் அளக்க முடியாத எல்லையைத் தொட்டு), விளக்கின் மினுக்கலைப் பிரித்தெடுக்க முடியாமல் திணறும். சாய்வை அளக்கும் சென்சாரைச் சேர்த்து இவற்றில் பாதியைச் சமாளிக்கலாம். நடைமுறையில் 'எந்த அறை' என்பது நம்பிக்கையாகக் கிடைக்கும், 'அறையின் எந்தப் பகுதி' என்பது ஓரளவுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரிய ஓட்டை வேறு. விளக்கை அணைத்தால் இந்த முறை அங்கேயே நின்றுவிடும். ஆஸ்துமாவோ இரவு நேரத்து நோய். நுரையீரலின் திறன் எல்லோருக்கும் பின்னிரவில் கொஞ்சம் குறையும், ஏறக்குறைய நான்கு மணிக்கு மிகக் கீழே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தச் சரிவு பல மடங்கு ஆழம். இருட்டில், போர்வைக்குள், குழந்தை எழுந்து உட்கார்ந்து இருமும் அந்த நேரத்தில் உங்கள் கருவி எதையும் பதிவு செய்யாது. பகலில் மேசைக்கு இடதுபுறம் இருந்தாளா வலதுபுறமா என்பதை மட்டும் அற்புதமாகச் சொல்லும்.

அதோடு, வீட்டுக்குள் இருக்கும் அலர்ஜிப் பொருள்களில் உலகம் முழுக்க மிகப் பரவலானது தூசிப்பூச்சி. அதன் குடியிருப்பே படுக்கைதான். நீளம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். நாம் உதிர்க்கும் தோல் துகள்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். தொந்தரவு பூச்சியால் நேரடியாக இல்லை, அதன் கழிவு உருண்டைகளில் இருக்கும் புரதங்களால். அந்த உருண்டைகள் கனமானவை. படுக்கையைத் தட்டினால் எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தரைக்கு வந்துவிடும். அறையின் காற்றை வடிகட்டும் கருவியால் தூசிப்பூச்சி அலர்ஜிக்குப் பெரிதாகப் பலன் இல்லை என்று சொல்வது இதனால்தான். காற்றில் மிதக்காத ஒன்றை அது எப்படிப் பிடிக்கும்? மூக்கைத் தலையணையில் புதைத்துத் தூங்கும் குழந்தைக்கு, அறையின் நடுவில் எடுத்த எந்த அளவும் பொருந்தாது.

பூனையின் கதை நேர் எதிர். அதன் அலர்ஜிப் புரதம் மிகச் சிறிய துகள்களில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், துணியில் ஏறி ஊர் சுற்றும். சுவீடனில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பூனை அலர்ஜி உள்ள, ஆனால் வீட்டில் பூனை இல்லாத குழந்தைகளைப் பள்ளி திறந்தபோது கவனித்தார்கள். வகுப்பில் பூனை வளர்ப்பவர்கள் அதிகமாக இருந்த இடங்களில் இந்தக் குழந்தைகளின் ஆஸ்துமா மோசமானது. பூனை பள்ளிக்கு வரவில்லை, சக மாணவர்களின் சட்டையில் வந்தது. இடத்தை வைத்துக் காரணம் தேடியிருந்தால் வகுப்பறையின் சுவரையும் பெஞ்சையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்போம்.

இருக்கும் இடம் வேறு, உள்ளே போகும் காற்று வேறு என்பது எங்கள் துறையில் பழைய பாடம். 1990-இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் சுமார் 180 பேரின் உடையில் துகள் அளக்கும் கருவியை மாட்டினார்கள். அவர்கள் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தனித்தனியாகக் கருவி வைத்தார்கள். பகல் நேரத்தில் உடையில் இருந்த கருவி, வீட்டின் உள்ளே வெளியே இரண்டையும் விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காட்டியது. மனிதர் நடக்கும்போதும் பெருக்கும்போதும் சமைக்கும்போதும் தன்னைச் சுற்றி ஒரு தூசி மேகத்தைத் தானே எழுப்பிக்கொள்கிறார். பின்னாளில் ஊர்ந்து போகும் பொம்மைக் குழந்தை ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் கம்பளத்தின் மேல் ஓட விட்டுப் பார்த்தபோதும் இதே கதைதான். தரையோடு ஒட்டிய அந்த உயரத்தில் துகள்களின் அடர்த்தி மிக அதிகம். உங்கள் வரைபடத்தில் ஒரே புள்ளியாக விழும் இடத்தில், நிற்கும்போது ஒரு காற்றும் படுத்திருக்கும்போது வேறு காற்றும் உள்ளே போகிறது. ஒளி முறை மாறாததாக வைத்துக்கொள்ளும் அந்த உயரம்தான் இங்கே முக்கியமாகிவிடுகிறது.

அப்புறம் நேரம். ஒவ்வாமைப் பொருள் உள்ளே போனதும் பத்து இருபது நிமிடத்தில் ஒரு எதிர்வினை வரும், ஓரிரு மணி நேரத்தில் தணியும். பலருக்கு அதோடு முடிவதில்லை. நாலைந்து மணி நேரம் கழித்து, சில சமயம் எட்டு மணி நேரம்கூடக் கழித்து, இரண்டாவது எதிர்வினை வரும். அது மெதுவாக ஏறி நீண்ட நேரம் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு நண்பர் வீட்டில் நடந்ததன் விளைவு, இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டுக் கட்டிலில் தெரியும். வரைபடம் கட்டிலைக் குற்றவாளி என்று சொல்லும்.

சளி பிடித்திருக்கும்போது இடம் பற்றிய எந்தக் கணக்கும் பொருந்தாது. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுத் திறன் விழுந்த நிகழ்வுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு வைரஸ் இருந்தது. கனடாவில் ஒவ்வொரு செப்டம்பரிலும், பள்ளி திறந்த சில வாரங்களில், குழந்தைகளின் ஆஸ்துமா சேர்க்கை மருத்துவமனைகளில் குதித்து ஏறும். அதற்கும் முக்கியக் காரணம் சாதாரணச் சளி வைரஸ்தான். அலர்ஜிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. அலர்ஜி உள்ள பொருளோடு வைரஸும் சேரும்போதுதான் நிலைமை அதிகம் மோசமாகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் உங்கள் பதிவேட்டில் 'இன்று மூக்கு ஒழுகியதா' என்ற ஒரு கட்டம் இல்லாவிட்டால் மற்ற எல்லாக் கட்டமும் வீண்.

புள்ளிவிவரப் பக்கம் ஒரு எச்சரிக்கை. குழந்தை பத்து மணி நேரம் தூங்குகிறாள் என்றால், இழுப்பு எந்தக் காரணமும் இல்லாமல் தற்செயலாக வந்தால்கூட நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் படுக்கையறையில்தான் விழும். 'அதிகம் இழுப்பு வந்த அறை' என்பது 'அதிகம் இருந்த அறை' என்பதன் மறுபெயராகப் போய்விடும். இதற்குச் சரியான வழி, இழுப்புக்கு முந்திய சில மணி நேரத்தை, அதே குழந்தையின் இழுப்பு இல்லாத நாள்களின் அதே மணி நேரத்தோடு ஒப்பிடுவது. மால்கம் மெக்லூர் 1991-இல் முறைப்படுத்திய இந்த ஒப்பீடு, மாரடைப்புக்கு முன்னால் ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க உருவானது. உங்கள் நோக்கத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே குழந்தை தனக்குத் தானே ஒப்பீடாக இருப்பதால் வயது, மரபு, வீடு எல்லாம் கணக்கிலிருந்து தானாக நீங்கிவிடும்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? என்னிடம் இதே வேலையைக் கொடுத்தால் இடத்தை அறை அளவில் மட்டும் வைத்துக்கொள்வேன். அறைக்கு ஒரு புளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தை ரேடியோ சிக்னலாக அனுப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி) போதும், பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும், இருட்டிலும் வேலை செய்யும். பக்கத்து அறையின் சிக்னல் சுவரைத் தாண்டி வந்து குழப்பினால், அங்கே மட்டும் ஒளியின் உதவியை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்இடியைப் பயன்படுத்தினால் இருட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது. டிவி ரிமோட்டில் இருக்கும் அதே வகைதான். இன்ஹேலரை அழுத்திய நேரத்தைத் தானாகப் பதிவு செய்யும் சின்னக் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் லூயிவில் நகரில் நூற்றுக்கணக்கானோரின் இன்ஹேலரில் அப்படிப்பட்ட கருவியை மாட்டி, எந்த இடத்தில், எந்த நேரத்தில் மருந்து தேவைப்படுகிறது என்று நகர அளவில் வரைபடமே போட்டார்கள். வீட்டு வேலைக்கு அதில் முக்கியம் நேர முத்திரைதான். நினைவிலிருந்து எழுதும் டைரியை நான் நம்புவதில்லை, நல்ல நோக்கத்தோடுதான் தவறாக எழுதுவோம். ஏழு வயதில் பீக் ஃப்ளோ மீட்டரை (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் குழாய்) ஊதக் கற்றுக்கொடுக்க முடியும், காலையும் மாலையும் ஊதச் சொல்லுங்கள். படுக்கையருகே ஈரப்பத மீட்டர் ஒன்று. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தூசிப்பூச்சி பிழைப்பது கஷ்டம். மலிவான பிஎம் 2.5 சென்சார் (காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்களை அளப்பது) சமையல் புகையையும் சிகரெட் புகையையும் நன்றாகக் காட்டும். தூசிப்பூச்சிக் கழிவையோ பூனைப் புரதத்தையோ அதற்கு அடையாளம் தெரியாது, அதை அலர்ஜி மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனை. எதற்கு அலர்ஜி என்ற கேள்விக்கு விடை மகளின் உடம்பில் இருக்கிறது, அறையில் இல்லை. பரிசோதனையில் வந்துவிட்டாலே அதுதான் இழுப்புக்குக் காரணம் என்று ஆகிவிடாது. உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் பொருள்கள் எல்லாம் தொந்தரவு தருவதில்லை. ஆனால் சந்தேகப் பட்டியல் இருபதிலிருந்து மூன்றாகக் குறையும். அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 குழந்தைகளை வைத்துச் செய்து 2004-இல் வெளிவந்த ஆய்வு இந்த வழியில்தான் போனது. முதலில் தோல் பரிசோதனை. பிறகு எதற்கு அலர்ஜியோ அதற்கு மட்டும் ஏற்ற வேலை: சிலருக்குப் படுக்கை உறை, சிலருக்குக் கரப்பான்பூச்சி ஒழிப்பு, சிலருக்குக் காற்று வடிகட்டி. முதல் வருடத்தில், இந்த வேலைகள் செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுவுக்கு இரண்டு வாரத்துக்கு 4.2 நாள் அறிகுறி இருந்தது, இவர்களுக்கு 3.4 நாள்தான். மாயாஜாலம் இல்லை, ஆனால் உண்மையான குறைவு. யாரும் யாரையும் சென்டிமீட்டர் கணக்கில் பின்தொடரவில்லை.

தனித்தனி நடவடிக்கை என்று வரும்போது ஆதாரம் தள்ளாடுகிறது. தூசிப்பூச்சி ஊடுருவாத மெத்தை உறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆதாரங்களைத் தொகுக்கும் சர்வதேச அமைப்பு) தொகுப்பாய்வு, பூச்சிக் கட்டுப்பாட்டு முறைகளால் ஆஸ்துமாவுக்குப் பலன் தெரியவில்லை என்று சொன்னது. 2017-இல் இங்கிலாந்தில் 284 குழந்தைகளிடம் செய்த சோதனையில், உறை போட்டவர்களில் 29 சதவீதம் பேரும், பூச்சியைத் தடுக்காத போலி உறை போட்டவர்களில் 41 சதவீதத்துக்குச் சற்று மேலும் ஒரு வருடத்துக்குள் அவசரமாக மருத்துவமனை போனார்கள். அதே சோதனையில் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட அளவு மாறவில்லை. தூசிப்பூச்சி அலர்ஜி உறுதியான குழந்தைக்கு உறை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து. படுக்கை விரிப்பை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் பூச்சி செத்துவிடும் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில வாரமாவது விட்டு, பீக் ஃப்ளோ எண்ணைப் பாருங்கள்.

மருந்து பற்றி ஒரு இடம் என்றேனே, இது அது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இழுப்பு, இழுப்பால் இரவில் விழிப்பு, நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுவது, ஓடியாட முடியாமல் போவது. இந்த வயதுக் குழந்தைக்கு இவற்றில் ஒன்று இருந்தால்கூட ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் சர்வதேச வழிகாட்டிகள் சொல்கின்றன. நீங்கள் சொல்லும் நிலை அதற்குள் வருகிறது. கருவி செய்வதற்கு முன் மருத்துவரிடம் போய், மகள் இன்ஹேலரை ஸ்பேசரோடு (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குடுவை) எப்படி இழுக்கிறாள் என்று அவர் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். மருந்து சரியாக உள்ளே போகாததுதான் பல வீடுகளில் பிரச்சினை. காரணம் தேடும் ஆர்வத்தில் தடுப்பு இன்ஹேலரை (இழுப்பு வராமல் இருக்கத் தினமும் எடுப்பது) நிறுத்திச் சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

ஒளி முறையைச் செய்துபார்க்கும் ஆசை இன்னும் இருந்தால், மகளை விட்டுவிட்டு அறையை அளக்கப் பயன்படுத்துங்கள். ஒரு சின்ன உருளும் ரோபோவில் துகள் சென்சாரையும் போட்டோடையோடையும் பொருத்தி, பெரிய கூடத்திலோ வகுப்பறையிலோ ஓட விட்டால், உயரம் மாறாது, முகம் கூரையைப் பார்த்திருக்கும், விளக்கும் எரியும். இந்த முறைக்கு வேண்டிய எல்லா நிபந்தனையும் அங்கே இருக்கிறது. கம்பளத்தின் எந்தப் பகுதியில் தூசி எழும்புகிறது, ஜன்னல் திறந்தால் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பத்து சென்டிமீட்டர் துல்லியத்தில் வரைபடம் கிடைக்கும். அங்கே அந்தத் துல்லியத்துக்கு அர்த்தம் உண்டு.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். தொந்தரவு தருவது மெதுவான மினுக்கல். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மட்டமான விளக்குகள் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுக்குவதில் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் வரும். மின் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரைப்படி, நொடிக்கு 3000 முறைக்கு மேல் மினுக்கினால் கட்டுப்பாடே தேவையில்லை. ஆனால் ஒரு நுணுக்கம்: வேகமாகக் குறியீடு அனுப்பினாலும், அதில் ஒரே மாதிரி பிட்கள் நீளமாகத் தொடர்ந்து வந்தால் மெதுவான மினுக்கல் உள்ளே நுழைந்துவிடும். மான்செஸ்டர் குறியீட்டில் (ஒவ்வொரு பிட்டுக்குள்ளும் விளக்கு ஒரு முறை எரிந்து ஒரு முறை அணையும் முறை) அனுப்பினால் அது வராது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பல்பின் டிரைவரை (உள்ளே இருக்கும் மின்சுற்று) பிரித்து மாற்றவும் வேண்டாம். 12 அல்லது 24 வோல்ட் டிசி எல்இடி பட்டையை எடுத்து, ஒரு மாஸ்ஃபெட் (வேகமாக இயங்கும் மின்னணு சுவிட்ச்) வழியாக மினுக்குங்கள்.